தை மாதத்துப் பூவும் கந்தகச் சாக்கும்

காலை ஐந்தரை மணிக்கு என் கைபேசி ஒரு முறை முனகும். பால்காரர் வருவதற்கு முன்பே வந்துவிடுகிற சேதி அது. சாத்தூர் பூச்சந்தையின் அன்றைய விலை: மல்லி இவ்வளவு, பிச்சி இவ்வளவு, கனகாம்பரம் இவ்வளவு. அனுப்புகிறவள் என் அக்கா மகள் முத்துமாரி. சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறாள். எனக்கு இப்போது பூவும் இல்லை, காடும் இல்லை. விருதுநகரில் மகன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்குத்தான் நான் சொந்தக்காரி. ஆனாலும் மல்லி விலை தெரியாமல் எனக்குக் காப்பி இறங்காது. பழக்கம் விடுமா?

நேற்று விலைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். "மருந்துச் சாக்கில் பூ அனுப்ப வேண்டாம். மோந்து பார்த்துத்தான் எடுப்போம்." நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மகன் என்னவென்று கேட்டான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வரி யாருக்கென்று எனக்குத் தெரியாதா? அவள் விலை அனுப்புகிற வாட்ஸ்அப் குழுவில் பூப் போடுகிற சம்சாரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இருக்கட்டும். அது முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு தை மாதத்துக்கும் எனக்கும்தான்.

அப்போதெல்லாம் பூ விலையைச் சொல்ல வேறு ஆள் இருந்தார். எங்கள் ஊர் இருக்கன்குடிக்குப் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. காலை ஆறு மணி பஸ்ஸில் பூமூட்டைகள் சாத்தூருக்குப் போகும். அதே பஸ் பத்து மணிவாக்கில் திரும்பி வரும்போது அக்காவின் காட்டை ஒட்டிய பாலத்தில் வேகம் குறையும். நிற்காது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கையை நீட்டுவார். ஒரு விரல் என்றால் கிலோ இருபது ரூபாய். இரண்டு விரல், மூன்று விரல். வரப்பில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அன்றைக்குக் கோழி அடிப்பதா, ரசம் வைப்பதா என்று முடிவு செய்வார்கள். சித்திரை, வைகாசியில் பூ கொட்டிக் கிடக்கும். வாங்க ஆளிருக்காது, சென்ட் கம்பெனிக்காரன் வைத்ததுதான் விலை. அந்த மாதங்களில் கண்டக்டர் எங்கள் பக்கமே பார்க்கமாட்டார். மும்முரமாக டிக்கெட் கிழிக்கிற மாதிரி திரும்பிக்கொள்வார். நல்ல மனுஷன், கெட்ட சேதி சொல்லப் பிடிக்காது அவருக்கு.

மல்லி ஒரு வீம்புக்காரப் பூ. வேண்டும்போது வராது, வேண்டாதபோது வந்து கொட்டும். கோடையில் காடு வெள்ளையாகப் பூத்து நிற்கும், விலை இருக்காது. தையில் ஊரெல்லாம் கல்யாணமாக இருக்கும், செடியில் பூ இருக்காது. பனி விழுந்தால் மொட்டு சிறுத்துப்போகும். நடுவில் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் புண்ணியத்தில் நாலு காசு, ஆவணி முகூர்த்தத்தில் நாலு காசு. புரட்டாசி படுத்துவிடும். ஆயுத பூஜை சமயத்தில் எழுந்து உட்காரும், மறுநாளே மறுபடியும் படுத்துக்கொள்ளும். இது எல்லா ஊர் மல்லிக்கும் பொது.

எங்கள் ஊருக்கு மட்டும் இதற்கு மேல் இன்னொரு பஞ்சாங்கம் உண்டு. அது பட்டாசுக் கம்பெனியின் பஞ்சாங்கம். எங்களுக்கு வருஷம் பிறப்பது சித்திரையில் இல்லை, தீபாவளிக்கு மறுநாள். அன்றைக்குக் கம்பெனி மூடும். பிறகு மெல்லத் திறந்து வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள் என்று வேலை ஓடும். ஆடி பிறந்துவிட்டால் சீசன். ஆவணி, புரட்டாசியில் ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வரும். மல்லியை மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். ஆனால் கம்பெனி வேனோ ஆறு மணிக்கெல்லாம் வந்து ஆரன் அடிக்கும். பூப் பறிக்கிற கையும் வெடி சுற்றுகிற கையும் ஒரே கைதானே? ஒரு பொம்பளைக்கு இரண்டு உடம்பா இருக்கிறது?

அக்கா பெயர் பேச்சியம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நானும் அவளும் தாயில்பட்டிப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். வேனில் கடைசி சீட்டு எங்களுடையது, நான் ஜன்னலோரம், அவள் பக்கத்தில். அவள் பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து திணிப்பாள். நான் பெட்டி ஒட்டுகிற இடத்தில் இருந்தேன். வாசலில் கொண்டை ஊசியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். இரும்பு உரசினால் போச்சு. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பூவை ஊசியால் குத்த மாட்டார்கள், வாழைநாரால் முடியோடு சேர்த்து முடிந்துகொள்வார்கள். இன்றைக்கும் நான் அப்படித்தான். மருமகள் அழகழகாகக் கிளிப் வாங்கித் தருகிறாள். எல்லாம் பீரோவில் தூங்குகிறது.

ஒரு ஆனி மாதம் அக்காவின் அறைக்கு அடுத்த அறை பற்றிக்கொண்டது. அங்கே இருந்தவர்களில் ஒருத்தி திரும்பி வரவில்லை. அக்கா புருவம் கருகி, காதோரம் முடி பொசுங்கி வெளியே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் முகத்தைக்கூடக் கழுவாமல் சொன்னாள்.

"இனிமே நான் வரமாட்டேன். எம்மகளும் போகமாட்டா."

அதற்குப் பிறகு அவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். கரிசலுக்கு நடுவே நாற்பது சென்ட் செவக்காடு, ஒரு கிணறு, மோட்டார், அதில் மல்லிச் செடி. அவள் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். அவரைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டில்தான் சாப்பாடு. ஆக வீட்டில் மூன்று பேர், என் ஒரு சம்பளம், அந்த நாற்பது சென்ட். முத்துமாரி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வேன்காரர் நல்லவர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆள் சேர்த்துக் கொடுத்தால்தான் அவருக்கும் பிழைப்பு. அக்கா நின்ற வாரமே வாசலுக்கு வந்தார். "ஒங்க சீட்டு எங்கயும் போகாது பேச்சியம்மாக்கா. ஒங்க எடம் அப்படியே இருக்கு. மக பத்தாவது எழுதிட்டு வரட்டும், வேற ஆள ஏத்த மாட்டேன்" என்றார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னிடம் கணக்கை நேராகச் சொன்னாள். பங்குனியில் பரீட்சை முடியும். அதற்குள் இந்தக் காடு மூன்று பேருக்குச் சோறு போட்டாக வேண்டும். போடாவிட்டால் பிள்ளை அந்தச் சீட்டில் உட்காருவாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் என்ன செய்தேன்? மறுநாள் வேனில் ஏறி, அக்கா இடத்தில் என் தூக்குவாளியை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

அக்கா முதலில் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். சாயங்காலம் வேன் வந்து நிற்கிற இடத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். கையில் காசோடு இறங்குகிறவர்கள் முழம் முழமாக வாங்குவார்கள். ஆவணியில் ஓவர்டைம் காசும் சேர்ந்துவிட்டதால் விலை கேட்காமல் வாங்கினார்கள். நான் சந்தோஷப்பட்டேன், பரவாயில்லை, அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று. அவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எனக்கு விளங்கியது. தீபாவளி முடிந்தால் வேன் நிற்கும், சம்பளம் நிற்கும், அப்போது தலைக்குப் பூ யார் வாங்குவார்கள்?

"கம்பெனி மூடுனா எம்பூவும் மூடணுமா? அதுக்கு நான் கம்பெனிலயே இருந்திருப்பேன்ல" என்றாள்.

புரட்டாசி வந்தது. பறிக்க வந்துகொண்டிருந்த ஐந்து பெண்களும் நின்றுவிட்டார்கள். ஓவர்டைம் கூலிக்கு முன்னால் பூக்கூலி எந்த மூலைக்கு? அவர்கள் நின்றதை விடுங்கள், நானும் நின்றேன். அதுவரை வேனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவளோடு பறித்துக்கொண்டிருந்தேன். வேன் ஐந்தரைக்கே வர ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அக்காவும் பிள்ளையும் மட்டும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு நாற்பது சென்டையும் பறித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பூ பறிபடாமல் செடியிலேயே விரிந்துவிடும். விரிந்த மல்லியைச் சந்தையில் எவனும் தொடமாட்டான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே போய்வந்தேன்.

ஆயுத பூஜைக்குப் பதினைந்து நாள் இருக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், காட்டைக் காணோம். செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. மொட்டும் இலையுமாகக் கிளைகள் வரப்பில் குவிந்து கிடக்கின்றன. அக்கா கையில் கவாத்துக் கத்திரி.

எங்கள் பக்கம் மல்லிக்குக் கவாத்து மார்கழி கடைசியில்தான் செய்வார்கள். இவள் மூன்று மாதம் முன்னாலேயே, அதுவும் ஆயுத பூஜை விலை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், பூத்து நிற்கிற செடியை வெட்டியிருக்கிறாள். ஊரே சிரித்தது. புருவத்தோடு சேர்த்து மூளையும் பொசுங்கிவிட்டது என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நானும் அன்றைக்குக் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். பூ இருக்கும்போது வெட்டினால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டேன். அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். இப்போது பூ இருக்கிறது, பறிக்க ஆள் இல்லை. வெட்டினால் எழுபது எழுபத்தைந்து நாளில் துளிர்த்து மொட்டு வரும். அப்போது தீபாவளி முடிந்து எல்லாப் பெண்களும் வீட்டில் சும்மா இருப்பார்கள். கார்த்திகை முகூர்த்தம் இருக்கும், தை முகூர்த்தம் இருக்கும், மற்றவர் காட்டில் பூ இருக்காது.

"கம்பெனி கூப்பிடாத நேரத்துல எம்பூ வரணும். நான் செடிய வெட்டல, தேதிய மாத்திருக்கேன்."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கண்டக்டர் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஏழு விரல் காட்டிக்கொண்டு போனாராம். எங்கள் காட்டைப் பார்த்ததும் நீட்டின கையை அப்படியே திருப்பி, என்னம்மா இது என்று கேட்டாராம். அக்கா பதிலுக்குக் கத்திரியைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். முத்துமாரி இதை நடித்துக் காட்டித்தான் சொல்வாள். அன்றைக்குக் கம்பெனியில் எங்களுக்குப் பொரியும் கடலையும் கொடுத்தார்கள், வாசல் முழுக்க மாலை தொங்கியது. மூன்றாம் நாள் அதே மாலைகளைக் கூட்டி அள்ளினோம்.

அந்த இரண்டு மாதம் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தீபாவளி போனஸில் எனக்கு ஒரு சேலை, பிள்ளைக்கு ஒரு பாவாடை தாவணி, மிச்சமெல்லாம் செடிக்கு எருவும் கடலைப் புண்ணாக்கும். கார்த்திகைக் கடைசியில் மொட்டு தெரிந்தது. மார்கழிப் பனிக்கு அக்கா பயந்தாள். விடிகாலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று தினமும் அந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டுப் பாய்ச்சினாள். மொட்டு கோடைப் பருமன் இல்லை, ஆனாலும் இருந்தது. மற்றவர் காட்டில் அதுவும் இல்லை. அவள் சொன்னபடியே பறிக்க ஆளும் வந்தார்கள். கம்பெனி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்ததால் நானும் போனேன்.

இனிமேல்தான் என் சாமர்த்தியம்.

தையில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள். கண்டக்டர் முதல் நாளே இரண்டு கையையும் விரித்துக் காட்டி, மறுபடியும் ஒரு கையை விரித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் எண்ணிப் பார்த்துவிட்டுத் தப்பாக எண்ணினேனோ என்று பயந்தேன். அன்றைக்குப் பூ வழக்கத்தைவிட அதிகம். அக்கா மேற்குக் கடைசியில் இன்னும் பறித்துக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றுவது என் பொறுப்பு. வழக்கமாகக் கட்டுகிற பழைய வேட்டித் துணி போதவில்லை. மோட்டார் ரூமில் ஒரு சாக்கு மடித்து வைத்திருந்தது. கம்பெனியில் காலிச் சாக்குகளை ஆளுக்கொன்றாக எடுத்து வருவோம். எங்கள் ஊரில் நெல் கிடப்பது, ஆட்டுக்குத் தழை வருவது, மழைக்குத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொள்வது எல்லாம் அந்தச் சாக்கில்தான். இது கந்தகம் வந்த சாக்கு. நான் ஒன்றும் அசட்டையாக இருக்கவில்லை. மூன்று தண்ணீரில் அலசினேன். மூக்கில் வைத்து நன்றாக இழுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஈரச் சாக்கில் பூ வாடாமல் போகும் என்று என்னையே மெச்சிக்கொண்டு, பாதிக்கு மேல் பூவை அதில் கட்டி ஏற்றிவிட்டேன்.

பத்து மணிக்கு பஸ் பாலத்தில் வேகம் குறைந்தது. கண்டக்டர் விரல் காட்டவில்லை. அன்றைக்கு பஸ் நின்றது. அவர் இறங்கி, நான் கட்டிய மூட்டையை எடுத்து வரப்பில் வைத்தார். பூ பறித்தது பறித்தபடி உள்ளே இருந்தது. "அவுத்ததுமே கடைல எல்லாரும் மூக்கப் பொத்திட்டாகம்மா. வெடி வாட அடிக்காம். கல்யாணத்துக்கு இத எப்படிக் குடுக்கன்னு கேக்காக" என்றார். துணியில் கட்டின சின்ன மூட்டை மட்டும் விலை போயிருந்தது.

நான் குனிந்து அந்தப் பூவை அள்ளி மோந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மல்லி வாசம் மட்டும்தான் அடித்தது.

அக்கா வந்தாள். ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனவள் சட்டென்று கையை இறக்கிவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். மூன்று மாதம் ஊர்ச் சிரிப்பைத் தாங்கி, புண்ணாக்கு போட்டு, பனியில் நின்று காப்பாற்றின பூவில் பாதியை, வருஷத்திலேயே அதிக விலை போன நாளில், ஒரு சாக்கில் போட்டுக் கெடுத்திருக்கிறேன். என்னவாவது சொல் அக்கா என்றேன்.

"நாளைக்கும் மொட்டு இருக்கு. நாளைக்கும் பஸ் இருக்கு. போயி வேட்டித் துணிய அலசிப் போடு" என்றாள். அந்தப் பூவைச் செடி மூட்டில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினாள்.

அந்த வாரம் கம்பெனியில் ஐந்து நாள் வேலை என்று வேன்காரர் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. தை முடிகிற வரைக்கும் போகவில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பறித்தேன், வீட்டில் இருந்த பழைய சேலைகளைக் கிழித்து மூட்டைத் துணி தைத்தேன். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை, நன்றியென்றும் சொல்லவில்லை. அந்தத் தையும் மாசி முகூர்த்தமும் எங்களைக் கரையேற்றின. ஆடு வாங்கவில்லை, நகை வாங்கவில்லை. பதினொன்றாம் வகுப்புக்குச் சீருடை எடுத்தோம், சாத்தூருக்கு பஸ் பாஸ் எடுத்தோம். நான் மாசியில் ஒரு மாதம் மட்டும் கம்பெனிக்குப் போய்வந்து, பங்குனி பிறந்ததும் நின்றுகொண்டேன். காட்டை நாலாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒரு பங்காக வெட்டலாம் என்று அக்கா சொன்னாள். இன்னொரு முழு ஆள் வேண்டியிருந்தது.

ஆவணி வாக்கில் ஒருநாள் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போன இரண்டு பருத்திச் சேலைகள் அடியில் கிடந்தன. ஒன்றை எடுத்து உதறியதும் கந்தக வாடை மூக்கில் அடித்தது. துவைத்து மடித்து வைத்த சேலை. வாசலுக்கு ஓடிப் போய் அதைத் தூக்கி எறிந்தேன். அக்கா முற்றத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு நாத்தத்தோடயாக்கா நான் ஒம்பக்கத்துல படுத்திருந்தேன்?"

"ஆமா."

"ஏன் ஒரு நாளும் சொல்லல? அந்தச் சாக்குக்குக்கூட ஒரு வார்த்தை ஏசல?"

"ஏசி என்ன செய்ய? ஒம்மூக்கு அப்ப கம்பெனிலல்ல இருந்துச்சு. வரட்டும்னு இருந்தேன்."

அக்காவுக்கு இப்போது அறுபத்தைந்து. இன்னும் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது புரட்டாசியில்தான் வெட்டுகிறார்கள், அதனால் கார்த்திகை விலை முன்போல் ஏறுவதில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமே கிடையாது. அவர்கள் வெட்டட்டும், நான் வேறு தேதி பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது காலண்டரைக் கிழித்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னமோ யோசித்துக்கொண்டிருந்தாள். முத்துமாரி காலேஜ் முடித்து, எங்கள் பூவைத் திருப்பி அனுப்பிய அதே சந்தையில் கடை எடுத்தாள். அவளாகக் கேட்டு எடுத்த இடம். எந்த மூட்டையை அவிழ்த்தாலும் முதலில் குனிந்து மோந்து பார்க்கிறாள், பிறகுதான் தராசு.

போனவை எவ்வளவோ. விலை இப்போது கைபேசியில் வருகிறது, விரல் நீட்டின அந்தக் கண்டக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். பாலத்தை அகலப்படுத்திவிட்டார்கள், பஸ் அங்கே வேகம் குறைப்பதில்லை. இவற்றுக்காக நான் கொஞ்சம் ஏங்குவேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேனும் போய்விட்டது, எங்கேயோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதற்கு நான் ஏங்கமாட்டேன். பிள்ளைக்கென்று வேன்காரர் பிடித்து வைத்திருந்தாரே ஒரு சீட்டு, அதில் நான் வேலையை விட்ட நாள் வரைக்கும் என் தூக்குவாளிதான் உட்கார்ந்து போய்வந்தது. அப்புறம் அதுவும் போகவில்லை.